ஏணி சம்பந்தமாக மன்னிப்பு வாபஸ்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். வழக்கமாக இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதுவேன். இந்த முறை ஆய்வகச் சீல் குத்திய நலம். தங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆவல், அக்கா நலம் சற்றுக் கூடுதலாக.

போன மாதம் எனக்கு ஐம்பது முடிந்ததும் தங்களுக்கு ஒரு கடைசிக் கடிதம் எழுதினேன் அல்லவா? அப்பாவும் சித்தப்பாவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐம்பத்தொன்றில் போனவர்கள், அண்ணனுக்கும் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தாயிற்று, அவன் ரத்தத்தைச் சோதித்ததில் கெட்ட கொழுப்பை வாரி அகற்றும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து பிறவியிலேயே மாறிக் கிடக்கிறதாம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஒரு எழுத்து தப்பினால் போர்டே பாழ் என்பது பெயின்டருக்குத் தெரியாதா? அடுத்தது நான்தான் என்று முடிவுகட்டி, கடை போர்டுகளுக்கு ஐந்து வருட கியாரண்டி தருவதையே நிறுத்திவிட்டேன். அந்த மனநிலையில், இரண்டே நாளில் தருவதாகச் சொல்லி என் அலுமினிய ஏணியை வாங்கிப்போய், பதினோரு வருடமாகத் தராமல், அதில் தங்கள் பெயரையும் எழுதிக்கொண்டதை மனதார மன்னித்திருந்தேன். அந்த மன்னிப்பை இதன்மூலம் வாபஸ் வாங்குகிறேன்.

ஏனென்றால், கூடப் பிறந்தவங்களுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அண்ணனைப் பார்க்கும் டாக்டரம்மா சொன்னதால் நானும் கையை நீட்டினேன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சாய்ந்தேன், பக்கத்துப் பெரியவர் மேல் விழுந்தேன், அவர் பதறித் தன் நெஞ்சைப் பிடிக்க, எல்லாரும் அவரிடம் ஓட, என்னைத் தூக்க நாதியில்லை. மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. எனக்கு அந்த எழுத்து சரியாக இருக்கிறது! அங்கேயே அழுதுவிட்டேன் அத்தான்.

"ரொம்பக் குதிக்காதீங்க, சிகரெட்டை விடுங்க, தினம் நடங்க. உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்க வீட்ல இது ஆம்பளைங்களுக்குத்தாங்க வரும்."

"அது ஜீனுக்குத் தெரியாதே!"

அன்றிலிருந்து அக்காவிடம் கெஞ்சுகிறேன், பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஏணியையே திருப்பித் தராத மனுஷன் பெண்டாட்டியை எங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் போகிறார்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அக்காவையும் ஏணியையும் தயாராக வைக்கவும்.

தாங்கள் நூறாண்டு வாழவேண்டும். எனக்கும் ஆயுள் இருப்பது தெரிந்துவிட்டதால் சண்டையை நிதானமாகப் போடலாம்.

இப்படிக்கு,
சாகும் உத்தேசத்தைத் தள்ளிவைத்துள்ள
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா போன் செய்தாள். "உன் கடுதாசியைப் படிச்சிட்டு உங்க அத்தான் ரெண்டு நாள் சரியாவே சாப்பிடலடா. மூணாம் நாள் என்னை இழுத்துட்டுப் போய் ரத்தம் குடுக்க வெச்சாரு. முடிவு வரட்டும்னுதான் உங்கிட்ட மூச்சு விடல. எனக்கு அந்த எழுத்து மாறித்தான் இருக்காம். நல்லவேளை, நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, மாத்திரையை விடாம போட்டா நல்லா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. தினமும் அவர்தான் எடுத்துக் குடுக்கறாரு."

மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள் அத்தான். ஏணி உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷோடு வருகிறேன். அதில் உங்கள் பெயர் கோணலாக இருக்கிறது. நானே அழகாக எழுதித் தருகிறேன், இருபது வருட கியாரண்டியோடு.