வெளிப்பூட்டு

கதவை வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குள்ளே இருப்பது எப்படி? கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் மண்டையைக் குடைந்த கேள்வி இதுதான்.

“வாட்ச்மேனைப் பூட்டச் சொல்லலாம்,” என்றார் மனைவியிடம்.

“அவர் போய் நாலு பேர்கிட்ட உளறிட்டார்னா?”

“அவனா? கொட்டாவி விடக்கூட வாயைத் திறக்க மாட்டான்.”

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மெக்கானிக் வட்டிக்குக் கடன் வாங்கினார். அப்பா பதினைந்தே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். கடன் மட்டும் சாகாமல் குடும்பத்தில் ஒருவராகத் தங்கிவிட்டது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்ததில் இப்போது ஒரே ஒரு தவணைதான் பாக்கி. கிறிஸ்மஸுக்கு மறுநாள் அதைக் கட்டிவிட்டால் விடுதலை. தவறினால் அபராத வட்டி ஏறி, கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அடமானமாக எழுதிக் கொடுத்த வண்டியும் கேஸ் ஏற்றுகிற மெஷினும் வட்டிக்காரர் வாசலுக்குப் போய்விடும். அப்புறம் வெறும் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு மெக்கானிக் எந்த ஃப்ரிட்ஜையும் குளிர வைக்க முடியாது.

தவணைப் பணம் முழுசாக அரிசி டப்பாவுக்குள் இருந்தது. நடுவில் வரும் கிறிஸ்மஸ் அதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அக்கா மூன்று பிள்ளைகளோடு வந்துவிடுவாள். விருந்தும் பரிசும் தம்பி பொறுப்பு. போன வருடம் பெரியவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்ததில் மூன்று மாதம் வட்டி மட்டும்தான் கட்ட முடிந்தது. அது போக, கட்டிடத்து அலங்காரத்துக்கு வசூல், பாட்டுப் பாடிக்கொண்டு வரும் கோஷ்டிக்கு ஒரு தொகை. கையில் காசில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மெக்கானிக் மானஸ்தர், அது மட்டும் வாயில் வராது.

“ஊருக்குப் போறோம்னு சொல்லிடுவோம்,” என்று யோசனை சொன்னவர் அவர்தான்.

“ஊருக்குப் போனா பஸ் செலவு ஆகாதா?”

“சொல்லத்தான் போறோம். போகப் போறதில்லை.”

அக்காவிடம், மனைவியின் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். அந்தத் தம்பியோ, “நாங்க உங்க வீட்டுக்கு வரலாம்னுல்ல இருந்தோம்?” என்று இழுத்தான். அவனிடம், அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். எல்லாம் கச்சிதமாக முடிந்ததாக மெக்கானிக் கையைத் தட்டிக்கொண்டார்.

காலி பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு, மகள் பாப்பாவையும் நடத்திக் கூட்டிக்கொண்டு, கீழ்வீட்டுக்காரர்கள் பார்க்கப் படியிறங்கினார்கள். தெருமுனை வரை போய், பின்பக்கப் படி வழியாகத் திரும்பி ஏறினார்கள். மாடியில் எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டு வாத்தியார் முந்தின நாளே பெரிய பெட்டியோடு போயிருந்தார். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் விடியற்காலையில் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார்.

“பாரு, அவங்க எல்லாம் நிஜமாவே போறாங்க. கொடுத்து வெச்சவங்க,” என்று மெக்கானிக் பெருமூச்சு விட்டார்.

வாட்ச்மேன் பூட்டோடு வந்தார். கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

“நாளன்னிக்குக் காலையில வந்து திறந்து விடுப்பா.”

“சரிங்க சார். செருப்பை உள்ளே எடுத்து வெச்சுக்குங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்டினார்.

முதல் தொல்லை ஃப்ரிட்ஜிலிருந்து வந்தது. ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜை எல்லாம் சரிசெய்பவர் தன் வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. லாரி மேடு ஏறுகிற மாதிரி அது உறுமியது.

“கீழே கேக்கும். அணைச்சுடுங்க,” என்றாள் மனைவி.

“அணைச்சா உள்ளே இருக்கிற கோழி?”

பாப்பாவுக்காக அரைக் கிலோ கோழி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த வருடத்துக் கிறிஸ்மஸ் மொத்தமும் அதுதான். உடனே சமைத்துவிடலாம் என்று பார்த்தால், வாசனை கதவிடுக்கு வழியாகக் கீழே போகும். குக்கர் வைத்தால் விசில். ஃப்ரிட்ஜை அணைத்தார். மறுநாள் காலையில் கோழியை மூக்கைப் பிடித்துக்கொண்டு பையில் கட்டி வைக்க வேண்டியதாயிற்று. ஆளுக்கு இரண்டு ரொட்டித் துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள்.

அதற்கு முந்தின சாயங்காலம் பாட்டுக் கோஷ்டி வந்தது. பாப்பாவுக்கு அந்தப் பாட்டுகள் எல்லாம் தெரியும். வாயைத் திறந்தாள், அம்மா பொத்தினாள்.

“மனசுக்குள்ள பாடு, கண்ணு.”

“மனசுக்குள்ள பாடினா சாமிக்குக் கேக்குமாம்மா?”

“சாமிக்கு மட்டும்தான் கேக்கணும்.”

வெளியே யாரோ, “இந்த மாடியில ஒரு ஈ காக்கா இல்லைடா,” என்றான். கோஷ்டி படியிறங்கிப் போனது. பாப்பா சத்தம் வராமல் அழுதாள். இதற்குள் பழகிவிட்டிருந்தாள்.

அப்புறம் போன். அக்கா கூப்பிட்டாள். மெக்கானிக் போர்வைக்குள் புகுந்துகொண்டு பேசினார்.

“ஒழுங்காப் போய்ச் சேர்ந்தீங்களா? உன் மச்சான்கிட்டக் கொடு, ஒரு வார்த்தை வாழ்த்துச் சொல்லிடறேன்.”

“குளிக்கிறான்க்கா.”

சற்று நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தான்.

“அவன் குளிக்கிறானா, இல்லை கிணறு வெட்டுறானா?” என்று அக்கா கத்தினாள். அதே நேரத்தில் மனைவியின் போன் வெளிச்சம் போட்டது. தம்பி கூப்பிட்டான். அவனுக்கு மெக்கானிக்கின் அக்காவிடம் பேச வேண்டுமாம். மெக்கானிக் பதறிப்போய் இரண்டு போனையும் அணைத்தார்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு இல்லை. அக்கா, மச்சானுக்கே நேராகப் போன் போட்டாள். “அவங்க உங்க வீட்டுலதானே இருக்காங்க?” என்று இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள். எங்குமே இல்லாத குடும்பத்தை நினைத்து இருவரும் அன்று தூங்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று, மாதா கோயில் மணி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெக்கானிக் கதவில் காதை வைத்தார்.

“வாட்ச்மேன், நீங்க பார்த்தீங்களா? எப்போ போனாங்க?” அது அக்கா.

“பெட்டியோட இறங்கிப் போனாங்கம்மா,” என்றார் வாட்ச்மேன். அது பொய்யில்லைதான்.

அவருக்குப் பின்னால் இன்னொரு குரல் மூச்சிரைத்தது. மெக்கானிக்குக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். வட்டிக்காரர்.

“ரெண்டு பெட்டியோட கிளம்பிட்டான்னு காதுக்கு வந்துச்சு. அதான் கம்பியோட வந்தேன், பூட்டை உடைச்சு இருக்கிறதை எடுத்துட்டுப் போகலாம்னு.” கம்பியைத் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. “ஆனா ஒண்ணும்மா. ஓடுறவன் முதல் தவணையிலேயே ஓடிடுவான். எல்லாத்தையும் கட்டிட்டுக் கடைசித் தவணைக்கு ஓடினவனை நான் பார்த்ததில்லை.”

“அப்போ... எங்கே ஐயா போயிருப்பாங்க?”

“ஆத்தங்கரை, கிணத்தடி எல்லாம் பார்த்துட்டீங்களா?” என்று வட்டிக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அந்தக் கேள்வியில் அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அலறினாள்.

“ஐயோ தம்பி! குழந்தையையுமா கூட்டிட்டுப் போனே?”

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். “யாராவது இருக்கீங்களா? வாங்களேன்! என் தம்பி குடும்பத்தைக் காணோம்!” ஒவ்வொரு கதவிலும் பூட்டுதான் ஆடியது. திரும்பி வந்து தம்பி வீட்டுக் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். உள்ளே அதே கதவில் தம்பி சாய்ந்திருந்தார். நடுவில் ஒரு பலகை.

“நான்தானே சைக்கிள் கேட்டேன்? கையில இல்லைக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் பிள்ளை சைக்கிள் ஓட்டலைன்னா செத்தா போயிடுவான்?”

மெக்கானிக் வாயைத் திறந்தார். மனைவி அவர் வாயைப் பொத்தினாள். காரணம், வெளியே வட்டிக்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

“பாவி, என்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாம். போனவன் கணக்கைக் கையில வெச்சிருந்தா என் பிள்ளைகுட்டிக்கு ஆகாதும்மா. அவன் எழுதிக் கொடுத்த நோட்டை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன். எனக்கு அவன் ஒண்ணும் தர வேண்டாம்.”

பை திறக்கும் சத்தம் கேட்டது. காகிதம் சலசலத்தது.

மனைவி அவர் காதோடு சொன்னாள்: “மூச்சு விடாதீங்க. கிழிச்சு முடிக்கட்டும்.”

“அக்கா அழறாளே!”

“அவங்களை அப்புறம் சமாதானப்படுத்திக்கலாம். அரிசி டப்பாவுல இருக்கிறது முழுசா நமக்கு. பாப்பாவுக்கு ஷூ வாங்கலாம். கேஸ் பாக்கியைக் கொடுத்துடலாம்.” அவள் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கை மட்டும் அவர் வாயிலிருந்து நகரவில்லை.

சர்ரென்று கிழிய ஆரம்பித்தது. அக்கா நெற்றியைக் கதவில் மோதிக்கொண்டாள். ஒவ்வொரு மோதலும் மெக்கானிக்கின் பிடரியில் விழுந்தது.

பாப்பா தவழ்ந்து வந்து அவர் சட்டையை இழுத்தாள். சொல்லிக் கொடுத்தபடி மிக மெதுவாகக் கேட்டாள்.

“அப்பா, அத்தை ஏன் அழறாங்க? நாம செத்துட்டோமா?”

மெக்கானிக் மனைவியின் கையைத் தள்ளிவிட்டார்.

“அக்கா! அழாதே. நாங்க உள்ளேதான் இருக்கோம்.”

அழுகை நின்றது. கிழிகிற சத்தமும் நின்றது. வட்டிக்காரரின் கக்கத்திலிருந்த கம்பி படியில் உருண்டு விழுந்து, கீழ் மாடிவரை ஓசைப்படுத்திக்கொண்டே போனது.

வாட்ச்மேன் பூட்டைத் திறந்தார். அக்கா எழுந்து வந்து தம்பியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழுதாள். பாப்பாவும் சேர்ந்துகொண்டாள். ஒரு நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த அழுகை, வீடே அதிர்ந்தது.

மனைவி அரிசி டப்பாவைக் கொண்டுவந்து வட்டிக்காரரின் முன்னால் வைத்தாள்.

“நோட்டுதான் பாதி கிழிஞ்சிடுச்சே ஐயா. பாதியாவது தள்ளுபடி பண்ணக் கூடாதா?”

“செத்தவனுக்குத்தான்மா தள்ளுபடி. உயிரோட இருக்கிறவன் கட்டித்தான் ஆகணும்.”

அரிசியைத் தட்டித் தட்டிப் பணத்தை எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. மீதிப் பாதியையும் கிழித்துப் போட்டார். “இனிமே என் பக்கம் வராதேப்பா. நெஞ்சு வலிக்குது,” என்று சொல்லிவிட்டு, கம்பியைத் தேடிக்கொண்டே இறங்கிப் போனார்.

கடன் தீர்ந்துவிட்டது. மூன்று வருடமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தார். ஆனால் மெக்கானிக்குக்குச் சந்தோஷமே வரவில்லை. சமையலறையில் அக்கா ஒவ்வொரு டப்பாவாகத் திறப்பதும் மூடுவதும், உள்ளே பார்த்துவிட்டு விசும்புவதும் கேட்டது. அவர் அவமானத்தில் கூனிக் குறுகி வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நல்லவேளைப்பா,” என்றார் மெக்கானிக், வரிசையாகப் பூட்டுத் தொங்கிய கதவுகளைப் பார்த்து. “மாடியில ஒருத்தரும் இல்லை. இருந்து இந்தக் கூத்தைக் கேட்டிருந்தா, நாளைக்கு நான் யார் மூஞ்சியில முழிக்கிறது?”

வாட்ச்மேன் படியை எட்டிப் பார்த்தார். வட்டிக்காரர் தெருவுக்குப் போய்விட்டார் என்று தெரிந்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவாப் பேசுங்க சார். இந்த மாடியில ஒன்பது வீட்டை நான் பூட்டினேன், ஊருக்குப் போனவங்க ஒருத்தரும் இல்லை.”