கடல்நாயும் பதினேழு சான்றிதழ்களும்

அருங்காட்சியக ஊழியர்களில் ஓர் இனம் உண்டு. எலும்புத்துண்டு முதல் எண்ணெய் விளக்கு வரை எதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் நாங்கள், அந்த இனத்தை மட்டும் இதுவரை காட்சிக்கு வைக்கவில்லை. காரணம், அது பெட்டிக்குள் நிற்காது. எப்போது பார்த்தாலும் பயிற்சிக்குப் போயிருக்கும்.

ஆமாம், மானியத்தில் பயிற்சிக்குப் போகிறவரைத்தான் சொல்கிறேன். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பாரே? எங்களிடம் இருப்பவர் பெயர் பிரேபன். டென்மார்க்கின் வடமேற்கே, மீனுக்கும் காற்றுக்கும் தவிர வேறெதற்கும் பெயர் வாங்காத எங்கள் சிற்றூரின் அருங்காட்சியகத்தில் அவர் துணைக் காப்பாளர். நான் அங்கே நுழைவுச்சீட்டு கிழிப்பவன், அஞ்சலட்டை விற்பவன், பிரேபன் இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், அவருடைய தொலைபேசிக்கும் பதில் சொல்பவன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கழுத்தில் போன மாதப் பயிற்சியின் பெயரட்டை இன்னும் தொங்கும். தோளில் அதற்கு முந்தைய பயிற்சியில் கொடுத்த துணிப்பை. பைக்குள் நாலு நிறத்தில் ஒட்டுத்தாள், ஆறு ஊர்களின் பேனா, ஏதோ ஒரு விடுதியின் சோப்பு. அறைச் சுவரில் சட்டம் போட்ட பதினேழு சான்றிதழ்கள். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னால், "நல்ல விஷயம்! ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு பேசிட்டு, அப்புறம் ஒண்ணாக் கூடுவோமா?" என்பார். நாங்கள் மொத்தமே நாலு பேர். குழாய் இன்றும் ஒழுகுகிறது.

பிறகு ஏன் யாரும் அவரைக் கோபித்துக்கொள்வதில்லை என்கிறீர்களா? கேக்! ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் இலவங்கப்பட்டை கேக்கோடு வருவார். பிறந்தநாளுக்கு வைப்பதுபோல மேசையில் குட்டிக் கொடி ஒன்றை நட்டுவைத்து, கற்றதைப் பகிர்ந்துகொள்வார். வாய் நிறைய கேக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைத் திட்ட எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

மானியம் மட்டும் அவருக்கே எப்படிக் கிடைக்கிறது? அங்கேதான் அவருடைய மேதைமை. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: 'உங்களுக்கு என்ன தெரியாது?' நாமெல்லாம் அந்த இடத்தில் வெட்கப்பட்டு ஒரு வரியில் முடித்துவிடுவோம். பிரேபன் கூடுதல் தாள் கேட்பார்.

இப்படியே எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, ஓலுஃபுக்கு அந்துப்பூச்சி வரும் வரை.

ஓலுஃப் எங்கள் கடல்நாய். நூறு வருடத்துக்கு முன்னால் பாடம் செய்து வைத்தது. ஒரு கண் பச்சை, ஒரு கண் பழுப்பு. பள்ளிப் பிள்ளைகள் எங்கள் கலப்பை, வலை, பற்சக்கரம் எல்லாவற்றையும் ஓட்டமாகக் கடந்து அதனிடம்தான் வந்து நிற்பார்கள். அது போனால் பள்ளிகள் வராது. பள்ளிகள் வராவிட்டால் பக்கத்து நகரத்தின் பெரிய அருங்காட்சியகம் எங்களைக் காபியில் பிஸ்கட்டைப்போல நனைத்து விழுங்கிவிடும். இது எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

சேமிப்புக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் குட்ரூன் அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். ஓலுஃபின் வயிற்றடியில் உதிர்ந்த மயிர். பக்கத்தில் நெளியும் புழு. அன்று மதியம் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தவர் கடிக்காமலே மடித்து வைத்துவிட்டார்.

தலைநகரில் பூச்சி ஒழிப்புக்கென்றே மூன்று நாள் பயிற்சி இருந்தது. ஓர் அருங்காட்சியகத்துக்கு ஒருவருக்குத்தான் மானியம். பதினொரு வருடத்தில் முதல்முறையாகக் குட்ரூன் அக்கா விண்ணப்பித்தார். உள்ளதை உள்ளபடி எழுதினார்: பூச்சியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், பொருளை உறையவைத்துப் பூச்சியைக் கொல்லும் முறையைக் கையால் செய்து பழகவேண்டும், அவ்வளவுதான். பிரேபனும் விண்ணப்பித்தார். அந்துப்பூச்சிக்கு எத்தனை கால் என்பதில் தொடங்கி, தனக்குத் தெரியாதவற்றை மூன்று பக்கத்துக்கு எழுதினார்.

யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கே மானியம் என்று மானியக் குழு முடிவு செய்தது.

"மனசுல வச்சுக்காதே குட்ரூன். உனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!"

"தெரிஞ்சவ இங்கேயே கெட. தெரியாதவன் போய்ட்டு வா. நல்லா இருக்குடா உங்க நியாயம். ஓலுஃப் கதி?"

"வந்து சொல்லித் தர மாட்டேனா?"

வந்தார். கேக் வந்தது. கொடி நட்டார். குட்ரூன் அக்கா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு முன்னால் உட்கார்ந்தார். சுவரில் ஒரு வட்டமும் மூன்று அம்புக்குறிகளும் தோன்றின.

"முதல்ல, பூச்சிக்கும் நமக்கும் உள்ள உறவு என்னன்னு யோசிக்கணும்."

"எத்தனை டிகிரியில வைக்கணும்? எத்தனை நாள்?"

"அது இரண்டாம் நிலைப் பயிற்சியில வருது. மார்ச்சுல."

"மார்ச்சுல ஓலுஃபுக்கு மீசைகூட மிஞ்சாதுடா பாவி!"

குட்ரூன் அக்கா அன்று கேக்கைத் தொடவில்லை. எங்கள் ஊரில் அதற்குமேல் ஒரு கோபம் கிடையாது.

மறுவாரம் பிரேபன் 'குழுவாக இணைந்து செயல்படுவது எப்படி' என்ற பயிற்சிக்குத் தனியாகப் போயிருந்தபோது, நானும் அக்காவும் ஓலுஃபைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, மீன் ஏற்றும் வண்டியில் கிடத்தி, அக்காவுடைய தங்கை வீட்டுக்காரர் வேலை பார்க்கும் மீன் குளிர்கிடங்குக்குக் கொண்டுபோனோம். மைனஸ் முப்பது டிகிரி, ஒரு வாரம். அக்கா எங்கோ படித்த பழைய கையேட்டை நம்பித்தான். நெத்திலிப் பெட்டிக்கும் அயிலைப் பெட்டிக்கும் நடுவே ஓலுஃப் மல்லாந்து கிடந்தது. உயிரோடு இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்!

"தோல் வெடிச்சுட்டா நான் வேலையை விட்டுடுவேன்," என்றார் அக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் வெளியே எடுத்து, இன்னொரு நாள் உறையோடு பொறுத்திருந்து, பிரித்தோம். தோல் வெடிக்கவில்லை. ஒரு புழுகூட நெளியவில்லை. அக்கா அதன் மீசையைத் தடவிப் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். குளிர்கிடங்குச் சளி என்றார். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

பிரேபன் திரும்பி வந்து ஓலுஃபைப் பார்த்து, உண்மையிலேயே கண் கலங்கினார். "அற்புதம்! இதை எல்லாரோடயும் பகிர்ந்துக்கணும்!" என்றார். பகிர்ந்தார். இரண்டு மாதத்தில் மானிய அறிவிப்பு வந்தது: சிறிய அருங்காட்சியகங்களுக்கு உறைநிலைச் சிகிச்சை, மூன்று நாள். பயிற்சி அளிப்பவர்: பிரேபன்.

குட்ரூன் அக்கா விண்ணப்பத்தை எடுத்தார்.

"அக்கா, நீங்க செஞ்சதையே உங்களுக்கு அவர் சொல்லித் தரப்போறாரா?"

"பேசாம இரு. கூடுதல் தாள் ஒண்ணு குடு."

நாலு பக்கம் எழுதினார். கடல்நாய் என்றால் என்னவென்றே தெரியாது என்றுகூட எழுதினார். உடனே மானியம் கிடைத்தது.

முதல் நாள் காலை, சுவரில் வட்டம், மூன்று அம்புக்குறிகள். ஏதோ ஒரு தீவிலிருந்து வந்த அம்மாள் கை தூக்கி, "எத்தனை டிகிரியில வைக்கணும்? எத்தனை நாள்?" என்று கேட்டாராம். அதை மட்டும் அக்காவிடம் கேட்டுவைக்க மறந்திருந்த பிரேபன், இரண்டாம் வரிசையைப் பரிதாபமாகப் பார்த்தாராம். அக்கா வாயிலிருந்த கேக்கை நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாராம்:

"அது இரண்டாம் நிலைப் பயிற்சியில வருது. மார்ச்சுல. நான்தான் நடத்தறேன்."

இப்போது அக்காவின் தோளிலும் ஒரு துணிப்பை தொங்குகிறது. நுழைவுச்சீட்டு கிழிப்பதில் எனக்கு என்ன தெரியாது என்று நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டரைப் பக்கம் வந்துவிட்டது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இவ்வளவு தூரம் பொறுமையாக வாசித்ததற்குச் சான்றிதழ் ஏதாவது தருவார்களா என்று உங்கள் கண் ஒரு கணம் இந்தப் பக்கத்தின் அடியில் போய்வந்ததே, அதை நான் பார்த்துவிட்டேன்.