கண்ணாடிகளைச் சேர்க்காத அகலம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம், கார் நீங்கலாக. சித்தியின் முழங்கால் வலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

பின்கட்டு ஷெட்டுக்குப் போகும் சந்தில் புதுக் கார் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஒரு பக்கம் எங்கள் சுவர். மறுபக்கம் நீங்கள் பூட்டிவிட்டுப் போன உங்கள் பாகத்துச் சுவர். அதில் ஒரு துண்டை இடித்தால்தான் கார் வெளியே வரும். அதற்கு உங்கள் சம்மதமும் சாவியும் வேண்டும். என் போனை எடுக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினீர்கள், அதனால்தான் கடிதம்.

புதுக் கார் வாங்கப் போகிறோம் என்ற அன்றைக்கு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, நம் பழைய வெள்ளைக் காரை. "வெள்ளையனை எக்ஸ்சேஞ்சுல தள்ளிடாதீங்கடா, எனக்குக் குடுங்க. நான் வண்டி ஓட்டிப் பழகினது அதுல, உன் சித்தியைக் கூட்டிட்டு வந்ததும் அதுல." சரி என்றிருந்தால் தீர்ந்தது. மெக்கானிக்கல் படித்த திமிரில், அந்த ஜப்பான் மாடலின் சரித்திரம் முழுவதையும் உங்கள் முன் அவிழ்த்துவிட்டேன். முதல் தலைமுறை தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி, இரண்டாவதாக வந்த நம் வெள்ளையன் அதே தீப்பெட்டி, மூலையை மட்டும் இழைத்தது, மூன்றாவதில் கார்புரேட்டர் ஒழிந்தது, நான்காவதில் ஏர்பேக் வந்தது, பின்சீட் மடங்கியது, நாங்கள் வாங்கப்போகும் ஐந்தாவதுதான் கார் என்று சொல்லத் தகுந்தது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் "நீங்க கேக்கறது கார் இல்ல சித்தப்பா, ஒரு வியாதி" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். "சரிங்க இன்ஜினீயர் சார்" என்று எழுந்துவிட்டீர்கள். 'டா' போடாமல் என்னை நீங்கள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. படிக்கவும் இல்லை, பக்கம் திரும்பவில்லை.

அதே சரித்திரத்தில் இன்னொன்றும் இருந்தது. தலைமுறைக்குத் தலைமுறை அந்தக் கார் பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. சந்து மட்டும் வெள்ளையன் அளவிலேயே நின்றுவிட்டது. கம்பெனி போட்ட அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டேன், இரண்டு பக்கமும் நாலு விரல் மிச்சம் வந்தது. பக்கக் கண்ணாடிகளை அந்த அகலத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பது படித்த மண்டைக்கு உறைக்கவில்லை. நான் செல்போனில் கணக்கைப் பார்த்துக்கொண்டே "வாங்கப்பா, வாங்க, தாராளமா வாங்க" என்றேன். அப்பாவும் நம்பி வண்டியை விட்டார். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கதவு ஒன்றும் திறக்கவில்லை. பின்சீட்டை மடக்கி, டிக்கி வழியாகத் தவழ்ந்து வெளியே வந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "இது எத்தனாவது தலைமுறைடா?" அப்புறம் மெதுவாக, "அவன் இருந்தா முன்னாடி நின்னு சைகை காட்டியிருப்பான்" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்ட வெள்ளையனைத் தேடியும் போனேன். ஏற்கெனவே பாகம் பாகமாகப் பிரித்துவிட்டார்கள். ஸ்டியரிங் மட்டும் கிடைத்தது. என் மேஜையில் இருக்கிறது. உங்களுக்குத்தான். நான் பேசியது தப்பு. இதைவிட நீட்டி எழுத எனக்கு வராது.

சித்திக்கு என் வணக்கம். திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டுங்கள், 'டா' போட்டு.

இப்படிக்கு,
அண்ணன் மகன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள், காருக்குள் விட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க அம்மா டிக்கி வழியாக உள்ளே போனாள். "இது என்னடா பட்டன்?" என்று ஒன்றை அமுக்கினாள். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் காதை மடக்குவதுபோல் மடங்கிக்கொண்டன. ஐந்தாம் தலைமுறையில் வந்த வசதியாம். நான் அதைப் படிக்கவில்லை. அப்பா காரைப் பின்னாலேயே எடுத்துத் தெருவில் நிறுத்திவிட்டார். இனி எதையும் இடிக்க வேண்டாமே என்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நேரே போய்க் காரில் ஏறினார், கண்ணாடிகளை நன்றாக விரித்தார், மறுபடி சந்துக்குள் விட்டு அதே இடத்தில் சிக்கவைத்தார், டிக்கி வழியாக இறங்கி வந்தார்.

"இப்ப தபால்ல போடு" என்றார். "சுவர் அவனோடது. அவன் வந்துதான் ஆகணும்."