போலந்து, நரிக்குடி வழி

மதிப்புக்குரிய 'தென்கரிசல் செய்தி' ஞாயிறு இணைப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கு நான் நலம். என்னுடன் தங்கியிருக்கும் நாற்பத்தொரு ஆடுகளும் நலம். ஒரு கிடாய்க்கு மட்டும் இரண்டு நாளாகக் கழிச்சல்.

சென்ற ஞாயிறன்று தாங்கள் முழுப் பக்கத்துக்கு வெளியிட்ட 'வெளிநாட்டில் படிப்பதால் கல்லூரி மாணவர்கள் அடையும் நன்மைகள்' என்ற கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. தன் காலில் நிற்கலாம், பிற பண்பாட்டை அறியலாம், பகுதி நேர வேலை பார்க்கலாம், உலகம் முழுக்க நண்பர்கள் கிடைப்பார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே கால் பக்கத்துக்கு ஒரு விளம்பரம். கோட்டுப் போட்ட ஒரு பையன் பனிமலைக்கு முன்னால் நின்று சிரிக்கிறான். "போலந்தில் படிக்கும் எங்கள் மாணவர் அழகுராஜா! அடுத்தது நீங்கள்தான்!" ஐயா, அந்த அழகுராஜா நான்தான். கோட்டு என்னுடையது இல்லை, மலை என்னுடையது இல்லை, போலந்தும் என்னுடையது இல்லை. பல் மட்டும் என்னுடையது. மூன்று மாதமாக நான் நரிக்குடிக்கு மேற்கே சித்தப்பா ஆண்டிச்சாமியின் ஆட்டுப் பண்ணையில் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தாங்கள் வருகிற ஞாயிறன்று வெளியிட்டால், மறுநாள் பத்திர ஆபீசில் ஒரு குடும்பத்தின் இரண்டு ஏக்கர் நிலம் கைமாறாமல் தப்பும். அதற்காகத்தான் எழுதுகிறேன். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர், பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். அப்பா பால்சாமிக்குப் பன்னிரண்டு ஏக்கர் நிலமும், பங்காளி வீட்டுத் தனுஷ் கனடா போன நாளிலிருந்து தீராத நெஞ்செரிச்சலும் உண்டு. தனுஷுக்கு வைத்த பேனர் இருபதடி. அதைத் தாண்டித்தான் அப்பா தினமும் டீ குடிக்கப் போக வேண்டும். மூன்றாவது வாரம் என்னை அருப்புக்கோட்டையில் பாத்திரக் கடை மாடியில் இருக்கும் 'பறவை அயல்நாட்டுக் கல்வி மைய'த்துக்குக் கூட்டிப் போனார். அதன் உரிமையாளர் ஜெகதீஸ்வரன் இதுவரை கடல் தாண்டியது ராமேஸ்வரம் பாலத்தில் மட்டும். அவர் என் மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை, அப்பாவின் மோதிரத்தைப் பார்த்தார். போலந்து என்று முடிவானது. என்ன படிக்கப் போகிறேன் என்று பேனர் அச்சடிக்கிறவர் கேட்டபோதுதான் அது முடிவாகவில்லை என்பது எங்களுக்கு ஞாபகம் வந்தது. "மேற்படிப்பு" என்று போடச் சொன்னோம்.

இங்கேதான் ஐயா தவறு நடந்தது. வேறு எந்த ஊரிலும் பயணத் தேதியைத் தூதரகம் முடிவு செய்யும். எங்கள் வீட்டில் ஜோசியர் முடிவு செய்தார். ஆடி பிறந்தால் ஒரு மாதத்துக்கு நல்ல காரியம் கிடையாது, ஆனி இருபத்தெட்டுதான் கடைசி முகூர்த்தம் என்றார். விசா வரவில்லையே என்றேன். "விசா எங்கடா போகப் போகுது? நல்ல நாளு போனா வருமா?" என்றார் அப்பா. ஜெகதீஸ்வரனும், "சென்னையில கையில வாங்கி அப்படியே ஏறிரலாம்ணே" என்று சூடம் அடிக்காத குறையாகச் சொன்னார். பேனர் முப்பதடி. அதில் நாற்பத்தேழு தலைகள், இரண்டு விமானம், என் தலைக்குக் கீழே யாருடைய உடம்போ. கோயிலில் மூன்று கிடாய் வெட்டி, இரண்டு வேனில் ஊரே மதுரை ஏர்போர்ட்டுக்கு வந்து மாலை போட்டுக் குலவையிட்டு அனுப்பியது. நான் ஏறியது சென்னை விமானம். அங்கே போய் விசா கவரைப் பிரித்தால் மறுப்புக் கடிதம். என் கோப்பில் ஆனந்தகுமார் என்று யாரோ ஒருவரின் வங்கிச் சான்று இருந்ததாம். ஜெகதீஸ்வரன் ஒரே தாளை எத்தனை பேருக்கு வைத்தாரோ தெரியாது. மாலை வாடுவதற்குள் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, விசா கெடைக்கலப்பா. பஸ்ஸப் புடிச்சு வாரேன்."

"ஏலே, ஊருக்குள்ள வந்துறாத! மானம் போயிரும். வேன்ல வந்த சனம் இன்னும் வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருக்கு."

"அப்ப எங்கதான் போக?"

பந்தியில் யாருக்கோ ரசம் ஊற்றச் சொன்னார். பிறகு, "ஒங்க சித்தப்பனுக்கு ஆளு வேணுமாம். நரிக்குடி போயிரு" என்றார். போலந்துக்குக் கிளம்பியவன் அப்படித்தான் நரிக்குடி வந்து சேர்ந்தேன்.

தங்கள் கட்டுரையில் சொன்ன நன்மைகளில் ஒன்றுகூடக் குறையில்லாமல் எனக்கு இங்கே கிடைத்துவிட்டது. பகுதி நேர வேலை என்று எழுதியிருந்தீர்கள். சித்தப்பாவுக்கு அந்தப் 'பகுதி'யில் நம்பிக்கை இல்லை. விடிந்தால் ஆடு தின்னக் குழை வெட்ட வேண்டும், அப்புறம் தண்ணீர் காட்டி, புழுக்கை கூட்டி, மறுபடி குழை. ஊசி போடக் கற்றுக்கொண்டேன். "படிக்கத்தானடா கெளம்புன? இதப் படி. காலை இப்பிடிப் புடி" என்று முதல் நாளே பாடம் ஆரம்பித்துவிட்டார். இளங்கலை இயற்பியல் முடித்தவன் நான். மூன்று வருடத்தில் கல்லூரி எனக்குக் கற்றுக்கொடுத்ததைவிட இந்த மூன்று மாதத்தில் ஆடுகள் அதிகம் கற்றுக்கொடுத்தன. இதை நான் ஆடுகளைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை.

பெரிய பாடு வீடியோ அழைப்புதான். பெரியம்மா சந்தனம்மாள் தினமும் கூப்பிடுவார். முதல் வாரம் நான் நாணயமாக, போலந்தில் இப்போது வெயில் காலம் என்று சொன்னேன். இணையத்தில் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "வெளிநாட்டுல ஏதுடா வெயிலு?" என்று சந்தேகமாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று தெரிந்தது. மறுநாளிலிருந்து கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டு, தீவன அறையில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதன் முன்னால் உட்கார்ந்து பேசுகிறேன். நரிக்குடியில் ஆடி, ஆவணி மத்தியான வெயில் எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும்.

"ஏ அழகு, குளிருதாடா?"

"விறைக்குது பெரியம்மா."

"அப்புறம் ஏன்டா வேர்த்து ஊத்துது?"

"ரூமுல ஹீட்டரு போட்டிருக்கு."

"அதக் கொஞ்சம் கொறச்சு வையி, கரண்டு பில்லு ஏறிரும். அது என்னடா சத்தம், மே மேன்னு?"

"கூடத் தங்கியிருக்கிற பய பெரியம்மா. பாட்டுப் பாடிப் பழகுறான்."

"தொண்ட கட்டியிருக்கு போல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ. மெளகு ரசம் வச்சுக் குடு."

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. இனிமேல் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போன அப்பாவிடம் ஜெகதீஸ்வரன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். என் போட்டோவை விளம்பரத்தில் போட அனுமதித்து, அதைப் பார்த்து எங்கள் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்தால், என் இரண்டாவது விண்ணப்பம் இலவசம். அப்பா சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதாவது நான் ஏமாந்தேன் என்பதை மறைக்க நாலு பேர் ஏமாற வேண்டும். விளம்பரம் பார்த்து முதலில் அந்த மாடிப்படி ஏறியது அமுதவள்ளி.

அமுதவள்ளி என் வகுப்பு. மூன்று வருடமும் அவள்தான் முதல், நான் பதினொன்று. அவள் அம்மா மாரிக்கனி முன்பு எங்கள் பருத்தியில் களை வெட்டியவர், இப்போது நூல் மில்லுக்குப் போகிறார். கல்லூரியில் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நாங்கள் நல்ல மனிதர்கள், ஐயா. எங்கள் வீட்டில் யாருக்கும் மனதில் எதுவும் கிடையாது. அவர்கள் வந்தால் தண்ணீர் கொடுக்கத் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும்தான் உண்டு. அந்தக் குடும்பத்துக்கு எங்கள் போர்வெல்லை ஒட்டி இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்பாவின் கண் அதன் மேல். அமுதவள்ளி மையத்துக்குப் போனாள் என்று தெரிந்த அன்றே அப்பா எனக்குப் போன் போட்டார். கல்வியைப் பற்றி அவர் அவ்வளவு உருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அந்தப் பிள்ள படிக்கட்டும்டா. வழியில்லாத சனம். அந்த ரெண்டு ஏக்கர நம்ம எடுத்துக்கிட்டா அதுகளுக்கு ஒதவுன மாதிரியும் ஆச்சு. திங்கக்கெழம பத்திரம்."

"அப்பா, அந்த மையம் ஏமாத்துன்னு நமக்குத் தெரியும்ல?"

"ஒனக்குத்தான்டா ஏமாத்திட்டான். அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா நடந்தா?"

வெளிநாட்டுக் கல்வியால் நிலவளம் பெருகும் என்ற நன்மையைத் தங்கள் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளவும்.

போன புதன்கிழமை அமுதவள்ளியே எனக்குப் போன் போட்டாள். "அழகு, அந்த மையம் எப்பிடி? நம்பலாமா?" என்று ஒரே கேள்வி. நான் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் சொன்னது, "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசுறேன்." போனை வைத்துவிட்டேன். ஜெகதீஸ்வரனைத் திட்டுகிறேன், அப்பாவைத் திட்டுகிறேன், தங்களையும் கொஞ்சம் திட்டினேன். அந்தப் புதன்கிழமைக்கு யாரைத் திட்டுவது என்று தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே இதை என் பெயரோடும், அதே அளவு போட்டோவோடும் வெளியிடுங்கள். போட்டோ இணைத்திருக்கிறேன். இடுப்பில் கைலி கட்டியிருப்பது நான், மடியில் இருப்பது கழிச்சல் கண்ட கிடாய். அப்பாவின் மானம் போகும். போகட்டும், அது முப்பதடி நீளத்துக்கு மழையிலும் வெயிலிலும் தொங்கிக் கிழிந்துதான் இருக்கிறது. தங்கள் பத்திரிகை பல்லாண்டு வாழவும், தங்களுக்கு விளம்பரம் குறையாமல் வரவும், வருகிற விளம்பரத்தைத் தாங்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்கவும் ஆண்டவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பா. அழகுராஜா
(ஊரார் கணக்கில் போலந்து)

பின்குறிப்பு: கடிதத்தை முடித்ததும் மனம் கேட்கவில்லை. பேப்பரில் பார்ப்பதற்கு முன்னால் அவளிடம் நானே சொல்லிவிடலாம் என்று அமுதவள்ளிக்குப் போன் போட்டேன். நான் போலந்தில் இல்லை என்று ஆரம்பித்தேன்.

"நரிக்குடியிலதான இருக்க? தெரியுமே" என்றாள். "எங்க சித்தி அங்கதான் நூறு நாள் வேலைக்குப் போகுது. நீ ஆட்டுக்கு ஊசி போட்ட மொத நாளே போட்டோ அனுப்பிருச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். ஒங்க பெரியம்மா தெனமும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் ஒங்கிட்டப் பேசுறாக. பத்துப் பேரு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்போம். ஊருக்குத் தெரியும்னு தெரியாதது ஒங்கப்பா ஒருத்தருக்குத்தான்."

நிலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஒங்கப்பா கேட்டதுக்கு எங்கம்மா 'பாப்போம்'னுச்சு. அதுக்கு அவரு பத்திரமே எழுதிட்டாரா? நான் அந்த மாடிக்கு ஏறுனது அங்க எத்தன பேரு மாட்டியிருக்காகன்னு பாக்க. நீ வாயத் தொறக்குறியான்னு பாக்கத்தான் ஒனக்கும் போன் போட்டேன். தொறக்கல. இன்னைக்காவது தொறந்தியே." அடுத்ததையும் அவளே சொன்னாள். "ஜெர்மனியில எம்மெஸ்ஸி கெடச்சிருக்கு, உதவித்தொகையோட. நானே எழுதிப் போட்டேன். விசா வந்து நாலு நாளாச்சு. இருபத்தொம்பதாம் தேதி போறேன்."

நல்லது என்றேன். பேப்பரில் எழுதப் போவதையும், நாளைக்கே ஊருக்கு வந்து எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போவதையும் சொன்னேன். இவ்வளவு நேரம் சிரித்துப் பேசியவள் சட்டென்று மாறிவிட்டாள்.

"வந்துறாத அழகு. ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன். இப்ப ஊரு மொத்தமும் ஒன்னத்தான் பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருக்கு. நீ வந்து நின்னா அந்தச் சிரிப்பு ஒரே நாள்ல முடிஞ்சிரும். அடுத்து எங்க வீட்டப் பாப்பாக. களை வெட்டுனவ மக போறாளான்னு ஒரு பேச்சு கெளம்புனா, எங்க ஆளுக நாலு பேருக்கு வேல போகும், இல்ல எவனாவது எம்பசிக்கு மொட்டக் கடுதாசி போடுவான். நான் ஏறுற வரைக்கும் நீ வராத."

ஆகையால், ஐயா, மேலே எழுதியதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. இருபத்தொன்பதாம் தேதி முடியும்வரை இதைத் தயவுசெய்து யார் கண்ணிலும் காட்டாதீர்கள். நான் போலந்தில்தான் இருக்கிறேன். படிப்பு நன்றாகப் போகிறது.