நாலு மணிக்கு விண்கலம் கிளம்பும்

புதுக் கொம்பியூட்டர் பழைய கசற்றை ஏற்க மறுத்தபோது மணி இரண்டு.

நாலு மணிக்குக் கிளிநொச்சியில் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்குவதாகச் செல்வநாயகம் மாஸ்டர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். பழைய கொம்பியூட்டர் போன மாதம் இடி விழுந்து காலமாகிவிட்டது. மனைவி ஞானேஸ்வரியின் தையல் மெசினைக் கொடுத்துத்தான் புதியது வந்தது. கைவசமிருந்த ஒரே பாடம், கசற்றிலிருந்த விண்கலச் சண்டை விளையாட்டு. பாட்டுக் கேட்கிற றெக்கோடரில் கசற்றைப் போட்டால், அதன் சத்தம் வயர் வழியாகக் கொம்பியூட்டருக்குள் போய் ரீவியில் விளையாட்டாக வரவேண்டும்.

"இஞ்சேருங்கோ, பழசெல்லாம் இதிலயும் ஓடும் எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓடும். இது பழசின்ர தம்பி."

"தம்பிக்கு அண்ணனைத் தெரியேல்லைப் போல. நாலு மணிக்கு ஓடாட்டி நான் லண்டனுக்கு என்ர தம்பியிட்டப் போறன்! ரெண்டு கிழமைக்கு முதல்தான் உதே றெக்கோடரில கதைச்சு அவனுக்குக் கசற் அனுப்பினனான்."

மாஸ்டர் றெக்கோடரின் சத்தத்தைக் கூட்டினார். ரீவியில் 'பிழை' என்று விழுந்தது. இன்னும் கூட்டினார். பிழை அசையவில்லை.

றேடியோ திருத்துகிற வீரையாவைக் கூப்பிட்டார்.

"வயரைக் கழட்டிட்டு ஒருக்கா கேட்டுப் பாப்பமா சார்?"

"ஐயோ, வேண்டாம்! வயர் இருந்தால் கொம்பியூட்டருக்கு மட்டும்தான் கேக்கும். கழட்டினால் ஆரையோ கழுத்தை நெரிக்கிற மாதிரிக் கத்தும். போனமுறை அயல் முழுக்க ஓடிவந்திட்டுது."

"அப்ப கசற் நாடா உரசுற றெக்கோடர் தலையில அழுக்குத்தான் சார்."

வீரையா ஞானேஸ்வரியின் ஓடிக்கொலோன் சென்றால் துடைத்தார். வகுப்பறை கலியாண வீடாக மணத்தது. பிழை. தலை கோணல் என்று ஆணியைத் திருகினார். ஆணி கழன்று கொம்பியூட்டரின் விசைகளுக்குள் புகுந்தது. அதன்பிறகு ரீவி முழுக்க ஒரே எழுத்து தானாக ஓடியது.

"பாத்தீங்களா சார், உயிர் வந்திருச்சு!"

கொம்பியூட்டரைக் கவிழ்த்து உலுக்கி ஆணியை எடுத்தார்கள். மறுபடி பிழை. பக்கத்து வளவுத் தண்ணீர் மோட்டர் கரண்டைக் குழப்புகிறது என்றார் வீரையா. மாஸ்டர் வேலி பாய்ந்து அதை நிறுத்தினார். மோட்டர்காரர் நடராசா மண்வெட்டியோடு வந்தார்.

"என்ர மிளகாய்க்கண்டு வாடுது மாஸ்டர்!"

"கொஞ்சம் பொறுங்கோ. விண்கலம் கிளம்பின உடன போடுறன்."

"எங்காலை கிளம்புது? என்ர தோட்டத்துக்கு மேலாலயோ?"

மணி நாலு. பெற்றோர் படலையில் நின்றார்கள். ஞானேஸ்வரி சூட்கேசை முற்றத்தில் வைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தபால்காரர் சைக்கிளில் வந்தார்.

"ஞானேஸ்வரி அக்காவுக்கு லண்டனிலயிருந்து தந்தி," என்றவர் சத்தமாக வாசித்தார்: "'அக்கா, கதைச்சு அனுப்பின கசற் கிடைச்சுது. அரைமணித்தியாலமும் உங்கட அலறல்தான் கேட்டுது. டிக்கட் அனுப்பிறன், அத்தானை விட்டிட்டு உடன வெளிக்கிடுங்கோ.'"