புல்டோ கரையும் வரை

கண்டியில் எனக்குத் தெரிந்தவரையில் ஆகக் கூடுதலாகப் பேசத் தெரிந்தவரும், ஆகக் கூடுதலாகப் பேசாமல் இருந்தவரும் ஒரே ஆள்தான். நாங்கள் அவரைப் புல்டோ மிஸ் என்போம். அவருடைய சொந்தப் பெயரை மாதாமாதம் சம்பளப் பட்டியலில் டைப் அடித்தவன் நான். ஆனாலும் இன்றைக்கு யாராவது கேட்டால் புல்டோ மிஸ் என்றுதான் வாயில் வருகிறது.

புல்டோ தெரியாத இளசுகளுக்காக ஒரு வார்த்தை. பாணி காய்ச்சிச் செய்கிற இனிப்பு அது. கறுப்பாக, கோலிக்குண்டு பருமனில், கடதாசியில் சுற்றிக் கடைப் போத்தல்களில் போட்டு வைத்திருப்பார்கள். கடிக்கப் போனால் பல் போகும். ஒரு கன்னத்தில் ஒதுக்கி வைத்துப் பொறுமையாகக் கரையவிட வேண்டும். அது கரைந்து முடிவதற்குள் கண்டி வாவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

எழுபதுகளில், ஒரு தேவாலயத்தின் பின்புறம் இருந்த சமூக சேவைக் கந்தோரில் நான் டைப்பிஸ்ட். இரண்டு அறை, நடுவில் பலகைத் தடுப்பு, பின்னால் உடைந்த கதிரைகள் அடுக்கிய சாமான் அறை. நான் முருகன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னிடம் எல்லோரும் கண்ட குறை வேறு. எனக்குப் பேச்சு வராது. காலையில் 'குட் மோர்னிங்', மாலையில் 'வாறேங்க'. இடையில் டைப்ரைட்டர்தான் பேசும்.

மிஸ் அதற்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்துப் போதகர் ஒருவரின் மகள். அப்பா பிரசங்கத்துக்கு ஏறினால் கீழே பிள்ளைகள் தூங்கி எழும்பி மறுபடியும் தூங்குவார்களாம். அந்தத் தொண்டை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. ஆனால் கொழும்பில் சமூகப்பணி படிக்கும்போது அவருக்குச் சொல்லிக்கொடுத்தது என்னவென்றால், வந்தவரைப் பேச விடு, நீ போதிக்காதே, தீர்ப்புச் சொல்லாதே. மீனைப் பிடித்து நீந்தாதே என்று சொன்ன மாதிரித்தான்.

முதல் வாரமே பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த ஒருவர், மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று வந்தார். "மிஸ், என் பொஞ்சாதி..." என்று தொடங்கினார். அவ்வளவுதான். மிஸ் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு, பொறுமை, கணவன் கடமை, மனைவி கடமை என்று மழை கொட்டியது. அந்த மனுஷன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, பஸ்ஸையும் தவறவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை.

மிஸ் அன்று சாப்பிடவில்லை. "அந்த மனுசன் என்னத்தைச் சொல்ல வந்தவர் எண்டு எனக்குத் தெரியாமலே போச்சுது, தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் ஒரு பை நிறையப் புல்டோவோடு வந்தார்.

அன்றிலிருந்து அதுதான் முறை. ஆள் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் மிஸ் ஒரு புல்டோவை உரித்து வாயில் போடுவார். "சொல்லுங்கோ" என்பார். அதுதான் கடைசிச் சொல். அது கரையும்வரை எதிரில் இருப்பவருடைய இராச்சியம். எத்தனையோ தடவை பிரசங்கம் தொண்டைவரை ஏறி வருவதையும், புல்டோ இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு ஓடுவதையும் தடுப்பின் இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை கலஹாப் பக்கம் இருந்து ஒரு குடிகாரரை அவருடைய சம்சாரம் இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் மிஸ்ஸின் வாயையே பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு குடுங்க, மிஸ்" என்றார். மிஸ் கொடுத்தார். இருவரும் ஆளுக்கொன்றை ஒதுக்கிக்கொண்டு ஒரு பேச்சும் இல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். கரைந்து முடிந்ததும் அந்த மனிதர் எழுந்து, "யாரும் என்னைய இம்புட்டு நேரம் திட்டாம இருந்ததில்லீங்க" என்று அழுதார். அதற்குப் பிறகு குடியை அடியோடு விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. ஆனால் மாதாமாதம் தவறாமல் தானாகவே வந்தார்.

தேயிலைத் தோட்டத்தில் கதை வேறு மாதிரிப் பரவிவிட்டது. அது கோயிலில் மந்திரித்த மிட்டாயாம். உரித்த கடதாசியைச் சிலர் முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். மிஸ் தலையில் கை வைத்தார். "ஐயோ தம்பி, என்னைப் பூசாரியாக்கிப் போட்டினம்!"

சரி, விழுங்கிய பிரசங்கமெல்லாம் எங்கே போயிற்று? சாமான் அறைக்கு. ஆள் போனதும் மிஸ் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "ஆண்டவரே, அந்த மனுசனுக்குச் சொல்ல ஏலாததையெல்லாம் உமக்குச் சொல்லுறன், கேட்டுக்கொள்ளும்!" என்று தொடங்கினால் கூரைத் தகரம் அதிரும். வந்தவர்களின் இரகசியம் வெளியே போகக்கூடாது என்பதும் அவர் படித்த பாடம். ஆகவே உள்ளே போகும்போதே எனக்கு ஒரு கட்டளை வரும்: "தம்பி, அடியுங்கோ!"

நான் டைப்ரைட்டரைப் போட்டு அடிப்பேன். கடிதம் இல்லாவிட்டால் என் பெயரை அடிப்பேன், கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிவரை உள்ள பஸ் நிறுத்தங்களை அடிப்பேன். ஜெபம் நீண்டால் என் விரல் வீங்கும். எங்கள் கமிட்டியின் தலைவர் ஐயா, தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இவன் மாதிரி வேலைக்காரனை நான் பார்த்ததில்ல" என்று எனக்குச் சம்பளம் கூட்டித் தந்தார்.

ஆள் வராத மத்தியானங்களில் மிஸ் என் மேசைக்கு எதிரே கதிரையைப் போடுவார். ஒரு புல்டோவை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார். "சொல்லுங்கோ, தம்பி."

"ஒண்ணும் இல்லீங்க, மிஸ்."

அது முழுவதும் கரையும்வரை இருந்துவிட்டு எழுந்து போவார். ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

இப்போது செல்லம்மாவின் கதைக்கு வருகிறேன். கலஹாத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த விதவை. நெஞ்சுநோய் வந்து ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்தபோது, மகள் லெட்சுமியை எங்கள் கந்தோரை நடத்திய சபையின் பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். சுகமாகி வந்தவள் பிள்ளையைத் திருப்பிக் கேட்டாள். கமிட்டி இழுத்தடித்தது. செல்லம்மா மிஸ்ஸின் எதிரே உட்கார்ந்தால் பேசவே மாட்டாள். ஒரு புல்டோ முழுவதும் கரையும்; கடைசியில், "எம் புள்ளைய குடுத்திருங்க, மிஸ்" என்பாள். அடுத்த கிழமையும் வருவாள். அதையே சொல்வாள்.

மிஸ் தோட்டத்துக்குப் போய் அவள் குடியிருந்த லயத்து அறையைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரியோடு பேசினார், பள்ளிக்கூடத்தில் விசாரித்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கமிட்டி கூடிய அன்று நான் குறிப்பெடுக்க ஓரத்தில் இருந்தேன். மிஸ் வழக்கம்போல ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

தலைவர் ஐயா சொன்னார்: "புள்ள இங்க நல்லா இருக்கு. அழகா பாட்டுப் பாடுது, ஜெபம் சொல்லுது. அங்க அனுப்பினா எல்லாம் மறந்து போயிரும். அந்தம்மா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வரட்டும். கொஞ்ச நாள் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

'கடக்' என்று ஒரு சத்தம். மிஸ் புல்டோவைக் கடித்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் ஒன்றைக் கடித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஐயா, வேதத்தில ஒரு விதவையின்ரை செத்த பிள்ளையை எழுப்பின ஆண்டவர் அவனை ஆரிட்டக் குடுத்தவர்? தாயிட்டத்தானே? முதல்ல நீ எந்தக் கோயிலுக்குப் போறனி எண்டு அந்த மனுசியைக் கேட்டவரோ? கமிட்டி வைச்சவரோ? செல்லம்மாவுக்கு இப்ப சுகம், வேலை இருக்கு, பிள்ளையைப் பாக்க ஆள் இருக்கு. நான் நேரில போய்ப் பாத்தனான். பிள்ளை படுக்கேக்க அம்மாவைக் கேட்டு அழுகுது. என்ரை படிப்பும் குடு எண்டுதான் சொல்லுது, என்ரை வேதமும் குடு எண்டுதான் சொல்லுது. ரெண்டும் ஒண்டைச் சொல்லேக்க நாங்கள் ஆர் மறிக்கிறதுக்கு?"

தலைவர் ஐயா கேட்டார்: "மிஸ், முதல்ல என்னமோ ஒடைஞ்ச சத்தம் கேட்டுச்சே, அது என்ன?"

மிஸ் கைலேஞ்சியில் துப்பிப் பார்த்தார். "பல்லு, ஐயா."

யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள பாடுறதக் கேக்குறதுக்குத்தான் நான் வாரா வாரம் போவேன். வீட்ல எனக்கு யாரு இருக்கா?" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "கூட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

செல்லம்மா மகளைக் கலஹா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன அன்று மிஸ் சாமான் அறைக்குள் போனார். "தம்பி, அடியுங்கோ" என்ற குரலே வேறு மாதிரி இருந்தது. உள்ளே பிரசங்கம் இல்லை. அழுகைதான் கேட்டது. நான் முன்னெப்போதையும்விடப் பலமாக அடித்தேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என்ன அடித்தேன் என்று பார்க்கவில்லை.

அடுத்த நத்தார் ஆராதனைக்கு லெட்சுமி தாயோடு வந்து, கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடிவிட்டுப் போனாள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்தார்கள். தலைவர் ஐயா முன்வரிசையில் இருந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் மிஸ்ஸின் அப்பாவுக்கு நோய் என்று தந்தி வந்தது. வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் புறப்பட்டார். கண்டி ஸ்டேஷனுக்குத் தலைவர் ஐயாவும் வந்து ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். "புல்டோதான், மிஸ். கடிச்சிறாதீங்க." மிஸ் சிரித்தபோது அந்த உடைந்த பல் தெரிந்தது.

விசில் ஊதினார்கள். மிஸ் பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லுங்கோ, தம்பி" என்றார்.

சொல்ல எனக்கு இருந்தது. போகாதீங்க மிஸ், நீங்க போய்ட்டா எம் முன்னால கதிரையப் போட்டு உக்கார யாரும் இல்ல என்று நெஞ்சில் எழுத்துக் கூட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். "கைய வெளிய நீட்டாதீங்க, மிஸ்" என்றுதான் வந்தது.

வண்டி நகர்ந்தது. போன புதிதில் கடிதம் வந்தது. பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். கடிதமும் நின்றுபோயிற்று. எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ, விசாரித்தும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் புல்டோ கரைவதற்குள் வண்டி பேராதனையைத் தாண்டி, பிலிமத்தலாவையையும் தாண்டி, கடுகண்ணாவைக்குக் கிட்டப் போயிருக்கும். அதுவரைக்கும் மிஸ் நான் சொல்லாததைக் கேட்டுக்கொண்டேதான் போயிருப்பார்.