நம்பிக் கொடுத்த கூடை

படார் என்று ஒரு சத்தம். பழம் பிழியும் மெஷினின் மரக்கூடை இரண்டாகப் பிளந்து, திராட்சை சமையலறைத் தரையெல்லாம் உருண்டது.

"உடைச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். பல் தேய்ச்சாச்சா என்று கேட்கிற அதே குரல்.

திருகிக்கொண்டிருந்தவருக்கு வீட்டில் பெயரே 'உடைச்சல்'. அலுவலகத்தில் பெரிய கணக்கர்தான். வீட்டில் குழாயைத் தொட்டால் குழாய், கதவைத் தொட்டால் கைப்பிடி, கையோடு வந்துவிடும்.

ஆனால் இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது. மெஷின் அத்தையுடையது. போன வாரம் மாமாவே மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். "திருகு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. நல்லா பலமாத் திருகிப் பாருங்க. உங்களை நம்பித்தான் குடுக்கிறேன், மாப்பிள்ளை" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இந்த மாப்பிள்ளையை நம்பி அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு கண்ணாடி டம்ளரைக்கூடக் கொடுத்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை அம்மா பிழிய வர்றாங்க. பேசாம தச்சரைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"மாமா நம்பினது என்னை. தச்சரை இல்லை."

இருந்தாலும் தச்சரிடம் போனில் யோசனை மட்டும் கேட்டுக்கொண்டார். "பழைய இரும்பு வளையம் ரெண்டும் இருக்குல்ல? அதுல புதுச் சட்டத்தை வரிசையா வச்சு முடுக்குங்க, சார். ஒவ்வொரு சட்டத்துக்கும் இடைவெளி விடணும். அதுதான் முக்கியம்."

சொன்னதைத் தட்டவில்லை. மரக்கடையில் சட்டம் வாங்கி வந்தார். ஒரு சட்டத்தை முடுக்கினார், டீ குடித்தார். இன்னொன்றை முடுக்கினார், பேப்பர் படித்தார். அடுத்ததற்குக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். சாயங்காலம் கூடை தயார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்.

"பார்த்தியா! ஒரு சொட்டு ஒழுகலை!"

"அப்ப சாறு எந்த வழியா வரும்?"

அவர் கூடையைச் சுற்றி வந்தார். சட்டங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன.

"இடைவெளி விடச் சொன்னாரு. விட்டேனே! எத்தனை டீ குடிச்சேன்!"

மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

எல்லாவற்றையும் கழற்றி, விரல் அகலத்துக்கு இடம் விட்டு மறுபடி முடுக்கினார். தக்காளி போட்டு ஒரு திருகு திருகினார். சாறு கீழே வரவில்லை. தக்காளிதான் சந்து வழியாகப் பீய்ச்சிக்கொண்டு சுவர்மேலும் மனைவி மேலும் போய் அப்பியது. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது தடவை, சட்டங்களுக்கு நடுவே பென்சிலை வைத்து அளந்து இடம் விட்டார். சரியாக வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? வார்னிஷ் அடித்தார்.

"இதுல பிழிஞ்சதைக் குடிச்சா நாமளும் பளபளன்னு ஆயிடுவோமா?" என்றாள் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு.

வார்னிஷ் போக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். சட்டமெல்லாம் அடிஸ்கேல் கனத்துக்கு வந்துவிட்டது. மறுபடி மரக்கடை, மறுபடி சட்டம், மறுபடி பென்சில். இந்த முறை சமையல் எண்ணெயை மட்டும் துணியால் தேய்த்து, ஊறவிட்டு, திரும்பத் தேய்த்தார். விரலெல்லாம் சிராய் ஏறி வீங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை புளிப்புத் திராட்சையைக் கொட்டித் திருகினாள். கூடை முனகக்கூட இல்லை. நாலு பக்கமும் சாறு வழிந்து அடித்தட்டில் சேர்ந்து, தட்டின் மூக்கு வழியே கம்பியாக இறங்கியது.

"அடேயப்பா! பழசு இதுல பாதிகூடத் தராதே! இன்னும் முப்பது வருஷம் உழைக்கும். மாப்பிள்ளையை இனிமே யாராவது உடைச்சல்னு சொல்லட்டும், பார்க்கிறேன்! ஏங்க, நாளையிலேருந்து உங்களுக்குக் காலையில ஒண்ணு இல்லை, ரெண்டு டம்ளர்!"

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவைத் தேடினார். மாமா பால்கனியில் தனியாக, தலையில் கை வைத்து நின்றிருந்தார்.

"என்ன மாமா, கூடை நல்லா இல்லையா?"

மாமா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க உடைச்சிடுவீங்கன்னு நம்பித்தானே மாப்பிள்ளை குடுத்தேன்!"